இராசமலர் மறக்காத பற்றரி

இராசமலரைக் கோபக்காரி என்று திருகோணமலையில் பலர் சொல்வார்கள். சொல்கிறவர்களில் பாதிப்பேர் தங்கள் கொம்பியூட்டரை அவளிடம் கொண்டுபோய் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். மிச்சப்பேர் அவர்கள் சொல்லக் கேட்டவர்கள். நான் மூதூரில் ஒரு மீனவர் சங்கத்தில் எழுதுவினைஞர், பெயர் மஹ்ரூப். எனக்கும் கோபம் வரும். ஆனால் அது வீட்டில் மனைவியோடும், திருகோணமலைக்கு ஓடுகிற லோஞ்சுப் படகில் என் இடத்தில் கூடையை வைக்கிறவனோடும் முடிந்துவிடும். காட்டவேண்டிய இடத்தில் அதை ஒருநாளும் காட்டியதில்லை. இராசமலரைப் பற்றி எழுத எனக்கு இருக்கிற ஒரே தகுதி, அவளுடைய வேலை போனதற்குக் காரணம் நான் என்பதுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவள் சம்பூர்ப் பிள்ளை. 2006இல் சண்டை வந்து அந்த ஊரே கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அவள் திருகோணமலை ரவுணில், நகரத்துக் கடையொன்றில் வேலையில் இருந்தாள். தாயும் தகப்பனும் வெருகல், வாகரை, மட்டக்களப்பு என்று அலைக்கழிந்து, கடைசியில் கிளிவெட்டி முகாமில் தகரத்துக்குக் கீழே வந்து சேர்ந்தார்கள். தகப்பனுக்கு இழுப்பு. பகலில் அந்தத் தகரச் சூட்டுக்குள் ஆரோக்கியமானவனாலேயே இருக்க முடியாது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை அவள் லோஞ்சேறி மூதூர் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து அவர்களைப் பார்த்துவிட்டுப் போவாள். அடையாள அட்டையில் சம்பூர் என்று இருப்பதால் இறங்குதுறையில் கடற்படையின் சோதனை மற்றவர்களுக்கு இரண்டு நிமிடமென்றால் அவளுக்கு அரை மணித்தியாலம்.

2007இல் அவள் ரவுணுக்குப் பக்கத்தில் பாலையூற்றில் ஒரு சின்ன வீடு பார்த்திருந்தாள். தாய் தகப்பனை அங்கே கூட்டிவர வேண்டும். ஆனால் முகாமிலிருந்து இரண்டு கிழடுகளை வெளியே எடுப்பதற்கு எத்தனை கடதாசி! கிராம சேவகர் ஒன்று, பொலிஸ் ஒன்று, முகாம் அதிகாரி ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, பொறுப்பேற்கிறவர் நிரந்தரமாக வேலை செய்கிறார் என்று முதலாளி கையெழுத்துப் போட்ட கடிதம். சொந்தத் தாய் தகப்பனைத் தன்னோடு வைத்துக்கொள்ள ஒரு பிள்ளை கடைக்காரனிடம் கடிதம் வாங்க வேண்டும். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பத்திக்கொண்டு வருகிறது. அவளுடைய முதலாளி ஞானசேகரம் மாதக் கடைசியில் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார்.

ஞானசேகரத்தின் கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் இருந்தது. கொம்பியூட்டர்ப் பாகங்களைக் கொழும்பிலிருந்து எடுத்து அங்கேயே பெட்டி கட்டிக் கொடுப்பார்கள். கட்டுகிறவள் இராசமலர். வருகிறவன் எல்லாம் முதலில் உள்ளே எட்டிப் பார்த்து, ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையா என்று கேட்பான். அவள் நிமிர மாட்டாள். ஆம்பிளையள் சாப்பிடப் போயிட்டினம், உங்கட கொம்பியூட்டருக்கு என்ன வருத்தம் என்பாள். கொம்பியூட்டரைக் காலால் தட்டினேன் என்று எவனாவது சொன்னால் அன்று அவனுக்கு நல்ல காலம் இல்லை.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. கட்டி முடித்த பெட்டியை மூடுமுன் வாங்குகிறவரை மொனிட்டருக்கு முன்னால் இருத்தி, என்ன தெரிகிறது என்று வாயால் சொல்லச் சொல்வாள். சொன்னபிறகு ஒரு கொப்பியில் கையெழுத்து வாங்குவாள். படம் தெரிந்தது, இன்ன திகதி, இன்னார். பெண்பிள்ளை கட்டிய பெட்டி என்று யாரும் பிறகு கதை கட்டக்கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கொப்பி. என் கையெழுத்தும் அதில் இருக்கிறது.

எங்கள் சங்கத்துக்குக் கொம்பியூட்டர் வந்த கதை இது. கடலுக்குப் போகிற ஒவ்வொருவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வள்ளத்தின் இலக்கம் எல்லாவற்றையும் மாதாமாதம் பட்டியலாக்கிக் கடற்படைக்குக் கொடுக்க வேண்டும். கையால் எழுதிக் கொடுத்தால் எழுத்து விளங்கவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். பட்டியல் திரும்பினால் வள்ளம் கரையில். ஒரு வெளிநாட்டு உதவி அமைப்பு இரங்கிக் கொம்பியூட்டர் ஒன்றுக்குச் சம்மதித்தது. மாவட்டத்துக்குள்ளேயே வாங்க வேண்டும், படத்துக்குத் தனிக் கார்ட் ஒன்று இருக்க வேண்டும் என்று அவர்களுடைய கடதாசியில் இருந்தது. மீன்பிடிக்கிறவனுடைய பெயரை அடிக்க எதற்குத் தனிக் கார்ட் என்று நானும் கேட்டேன். கடதாசியில் இருக்கிறது என்றார்கள்.

சங்கத் தலைவர் ஜமால்தீன் ஹாஜியாருக்கு இதில் ஆரம்பத்திலேயே மனத்தாங்கல். அவருடைய மருமகன் கொழும்பில் கொம்பியூட்டர் கடை வைத்திருந்தார். அங்கே எடுக்கலாம் என்று நினைத்திருந்தவருக்கு உதவி அமைப்பு வழி விடவில்லை. அதுவும் கட்டுகிறவள் ஒரு பெண், சம்பூர்க்காரி என்று தெரிந்ததும் முகம் கறுத்துவிட்டது. அந்த வருசம் மூதூரில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் நேரே பார்க்காமல் நடந்த காலம். ஆளுக்கொரு காயம் இருந்தது. ஹாஜியார் தன்னுடையதைத் தடவிக்கொண்டே இருப்பார்.

ஒக்டோபரில் ஒருநாள் நான் பெட்டியை எடுக்கப் போனேன். என் கண்ணுக்கு முன்னால்தான் கட்டினாள். முதல் தடவை சுவிட்சைப் போட்டபோது காற்றாடி சுற்றியது, மொனிட்டர் கறுப்பாகவே இருந்தது. இரண்டு மணி லோஞ்சை விட்டால் அடுத்த நாள்தான். அவள் அவசரப்படவில்லை. முதலில் மொனிட்டரின் வயரை வேறொரு கொம்பியூட்டரில் குத்திப் பார்த்தாள், படம் வந்தது. அப்படியென்றால் மொனிட்டர் நல்லது என்றாள். பிறகு ராம் என்கிற நினைவுத் தகட்டைக் கழற்றி அதன் பொன்னிறப் பல்லைப் பள்ளிக்கூடப் பிள்ளையின் அழிறப்பரால் தேய்த்துப் போட்டாள். இல்லை. கார்ட்டைக் கழற்றிப் போட்டாள். இல்லை. கடைசியில் வயரைக் கார்ட்டிலிருந்து பிடுங்கி, மதர்போட்டிலேயே இருந்த இன்னொரு வாயில் குத்தினாள். படம் வந்துவிட்டது.

பெட்டிக்குப் பின்பக்கம் படம் வருகிற வாய் இரண்டு இருக்கிறதாம். ஒன்று மதர்போட்டின் சொந்த வாய், மற்றது புதுக் கார்ட்டின் வாய். எதால் படம் அனுப்புவது என்று நாம்தான் அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் தன் சொந்த வாயால் மட்டும் அனுப்பும். அவள் அமைப்பு மாற்றுகிற நீலத் திரையில் போய் அதை மாற்றினாள். வயரைத் திரும்பக் கார்ட்டில் குத்தினாள். படம் வந்தது. சொந்த வாயின்மேல் கறுப்பு ரேப் ஒட்டினாள், யாரும் தவறிக் குத்தாமல் இருக்க.

பிறகு மதர்போட்டில் மினுங்கிய ஐம்பது சதக் காசுக்குத்தி போன்ற ஒன்றைக் காட்டி, எங்கள் ஆட்கள் அண்ணனை அழைப்பதுபோல நானா என்று அழைத்துச் சொன்னாள்.

"நானா, இஞ்ச பாருங்கோ. நான் சொல்லிக் குடுத்ததெல்லாம் இந்தப் பற்றரிதான் ஞாபகம் வச்சிருக்கும். இதைத் தொடக்கூடாது."

நான் ஓம் ஓம் என்றேன். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு ஓம் என்றேன். படம் தெரிகிறது என்று வாயால் சொன்னேன், கொப்பியில் கையெழுத்துப் போட்டேன். அவள் எல்லாம் சரியாகச் செய்தாள். எனக்குச் சொல்லியும் வைத்தாள். இதைவிட ஒரு மனிசி என்ன செய்ய முடியும்?

இறங்குதுறையில் வெயில் மண்டையைப் பிளந்தது. மின்சாரச் சாமான் கொண்டுபோகிறவர்கள் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். நானும் கேசிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால் ஒரு கிண்ணியாக்காரர். அவருடைய பையில் ரோச் லைட்டுக்குப் போடுகிற பற்றரி நாலு இருந்தது. அவரைப் பக்கத்துக் கொட்டிலுக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள்.

கொண்டுபோகக்கூடாத சாமான்களின் தடைப் பட்டியலில் பற்றரி இருந்ததா, அந்த வருசம் இருந்ததா, போன வருசம் எடுத்துவிட்டார்களா, எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அதுதான் அவர்களுக்கு வசதி. எனக்குத் தெரிந்தது 1996இல் இதே இடத்தில் ஒரு சின்ன றேடியோவுக்கு வாங்கிய பற்றரிக்காக என் வாப்பாவின் வயதுள்ளவர்களுக்கு முன்னால் வைத்து எனக்குக் கன்னத்தில் விழுந்த அடி. வெடிகுண்டுக்கு வாங்கினாயா என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். அன்றிலிருந்து இந்தத் துறையைக் கடக்கும்போது என் கை தானாகப் பற்றரியைத் தேடும். சுவர் மணிக்கூடு வாங்கினால் பற்றரி இல்லாமல் வாங்குவேன். பிள்ளைகளின் விளையாட்டுக் கார் வாங்கினால் துறைக்கு வருமுன் வயிற்றைத் திறந்து எடுத்து எறிவேன். மூதூரில் என்னைப்போல எத்தனையோ பேர். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. எல்லோரும் செய்வோம்.

கிண்ணியாக்காரர் கொட்டிலுக்குள் என்னவோ சொல்லிக் கெஞ்சுவது கேட்டது. நான் குனிந்து பெட்டியைச் சரிசெய்வதுபோல நகத்தால் அந்தக் குத்தியை நெம்பினேன். கிளிப்பிலிருந்து துள்ளிக் கையில் விழுந்தது. பலகைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியால் அதைக் கடலுக்குள் போட்டேன். மூன்று செக்கன்கூட ஆகியிருக்காது. என் முறை வந்தது. கடற்படைக்காரன் ரோச்சடித்து உள்ளே பார்த்தான். போ என்றான். பற்றரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. லோஞ்சில் இருந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது, கெட்டிக்காரத்தனமாகத் தப்பிவிட்டேன் என்று. அந்தப் பெருமையை நினைக்கும்போதுதான் என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும்போல இருக்கிறது.

சங்கத்தில் வைத்து வயர்களைக் குத்திச் சுவிட்சைப் போட்டோம். காற்றாடி சுற்றியது. மொனிட்டர் கறுப்பு. ஹாஜியார் ஒரு நிமிடம் பார்த்தார், இரண்டு நிமிடம் பார்த்தார். பிறகு தொடங்கினார். பழைய சாமானைப் புதுப் பெட்டிக்குள் போட்டுத் தலையில் கட்டிவிட்டார்கள், தனக்கு அன்றைக்கே தெரியும், மருமகனிடம் எடுத்திருந்தால் இப்படி வருமா. நான் கடையில் படத்தைக் கண்டேன் என்று சொன்னேன். அதெல்லாம் கண்கட்டு வித்தை என்றார். எனக்கும் உண்மையில் ஒன்றும் பிடிபடவில்லை. இவ்வளவு பெரிய பெட்டி அந்தக் காசுக்குத்திக்காகப் படம் காட்டாமல் விடும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பற்றரி என்றால் மணிக்கூட்டுக்குத்தானே என்று நினைத்திருந்தேன். ஹாஜியார் ஞானசேகரத்துக்குப் போன் எடுத்துக் கத்தினார். உதவி அமைப்புக்கு அறிவிக்கப்போவதாகச் சொன்னார். ஞானசேகரத்தின் வியாபாரத்தில் முக்காற்பங்கு அந்த மாதிரி அமைப்புகளோடுதான்.

மறுநாளே இராசமலரை அனுப்பினார். காலை லோஞ்சில் வந்து, இறங்குதுறையில் வழக்கமான விசாரணையெல்லாம் முடிந்து, பதினொரு மணிக்குச் சங்கத்துக்குள் நுழைந்தாள். தோளில் ஒரு பை. முகத்தில் வியர்வை காயவில்லை. தண்ணீர் வேணுமா என்றுகூட ஹாஜியார் கேட்கவில்லை. நான் கேட்டேன், வேண்டாம் என்றாள்.

அன்று பட்டியல் வாங்குகிற நாள். கடற்படை முகாமிலிருந்து மாதாமாதம் சாதாரண உடையில் ஒருவன் வருவான். அன்றும் பால் விடாத பிளேன்ரீயோடு கதிரையில் சாய்ந்திருந்தான். கொச்சைத் தமிழ் பேசுவான், ஆனால் நாங்கள் பேசுகிற தமிழ் முழுவதும் அவனுக்கு விளங்கும். அவன் இருக்கும்போது எங்கள் சங்கத்தில் இருமுவதற்குக்கூட யோசிப்போம். அந்த வருசம் ஒருவனைக் கேள்வி கேட்கக் கூட்டிப்போனால் அவன் வீட்டுக்கு வருவானா என்று யாரும் உறுதி சொல்ல ஏலாது.

அவள் வேலையைத் தொடங்கினாள். மொனிட்டரின் லைட்டைப் பார்த்தாள், செம்மஞ்சள். பெட்டியிலிருந்து அதற்கு ஒன்றும் வரவில்லை என்பது அதன் பொருள். தான் கொண்டுவந்த வேறொரு வயரைப் போட்டாள். கறுப்பு. காற்றாடி சுற்றும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள். ஒரு சின்னப் பீப் வந்தது. அதைக் கேட்டதும் புருவம் உயர்ந்தது. உள்ளுக்குள்ள எல்லாம் வேலை செய்யுது, படம்தான் வேற எங்கேயோ போகுது என்று தனக்குள் சொன்னாள். ஹாஜியார் பக்கத்திலேயே நின்று விடாமல் குத்திக்கொண்டிருந்தார். கழட்டத் தெரிந்த எல்லாரும் மெக்கானிக் ஆகிவிட்டார்கள் என்றார், பொம்பிளையள் செய்கிற வேலையா இது என்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து நரம்பு மட்டும் புடைத்து நின்றது.

பக்கத் தகட்டைக் கழற்றினாள். குனிந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

வெறுமையாக இருந்த கிளிப் எனக்கும் தெரிந்தது. அந்தக் கணத்தில்தான் அவள் கடையில் சொன்னது முழுவதும் என் மூளைக்குள் போய்ச் சேர்ந்தது. அவள் நிமிர்ந்து, இந்தப் பற்றரியை ஆர் கழட்டினது என்று கேட்டாள். சத்தமாகக் கேட்கவில்லை.

ஹாஜியார் ஒருவரும் பெட்டியைத் திறக்கவில்லை, வந்தது வந்தபடி இருக்கிறது என்றார். கதிரையில் இருந்தவன் பிளேன்ரீயை வைத்தான்.

"என்னா இல்லை? பெற்றரியா? அது எங்கே போனது?"

சாதாரணமாகத்தான் கேட்டான். ஆனால் எழுந்து வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு எங்கள் மூன்று பேரின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நான்தான் கழற்றினேன், பயத்தில் கடலில் போட்டேன். ஐந்தே சொல். ஆனால் கடற்படையின் துறையில், சோதனை வரிசையில், ஒரு பற்றரியை மறைத்துக் கடலில் போட்டேன் என்று கடற்படைக்காரனுக்கு முன்னால் சொல்ல என் நாக்கு எழும்பவில்லை. இராசமலர் என்னைப் பார்த்தாள். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்கும். அவளும் அந்தத் துறையைக் கடக்கிறவள்தானே. என்ன நடந்தது என்று ஒரு சொல் கேட்காமலே விளங்கிக்கொண்டாள். அவளுடைய கண்ணில் வந்த கோபத்தைப்போல நான் வேறெங்கும் கண்டதில்லை. அவள் என்னைவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"ஒண்டும் காணாமப் போகேல்ல. நான்தான் போட மறந்திட்டன்."

அவன் தோளைக் குலுக்கிவிட்டுக் கதிரைக்குப் போனான். ஹாஜியாருடைய முகத்தில் பெருநாள் வந்தது.

அவள் பெட்டியின் பின்பக்கம் போய்த் தான் ஒட்டிய கறுப்பு ரேப்பைத் தானே உரித்தாள். வயரை மதர்போட்டின் சொந்த வாயில் குத்தினாள். படம் வந்தது. பற்றரி இல்லை, நேரம் பிழை என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. திகதி 2005 ஜனவரி முதலாம் நாள் என்று காட்டியது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தத் திகதியில் சம்பூரில் அவளுடைய வீடு இருந்தது, தகப்பன் வயலுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். பிறகு திகதியை மாற்றினாள். பையில் வேறொரு பெட்டிக்கென்று வைத்திருந்த பற்றரியை எடுத்துப் போட்டாள், எல்லாவற்றையும் திரும்பச் சொல்லிக் கொடுத்தாள், கார்ட்டால் படம் வரச் செய்தாள். மூன்று முறை மெயின் சுவிட்சை நிறுத்திப் போட்டுக் காட்டினாள். மூன்று முறையும் வந்தது. இறங்குதுறையால் அந்தப் பற்றரியை அவள் எப்படிக் கொண்டுவந்தாள் தெரியுமா? கேட்டவனுக்குக் காட்டி, இன்னதென்று சொல்லிக் கொண்டுவந்தாள். அரை மணித்தியாலம் நின்று, ஆனால் கொண்டுவந்தாள்.

பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். நான் துறைவரைகூடப் போகவில்லை. கையால் எழுதிய பட்டியலை எடுத்துக்கொண்டு கடற்படையாளும் போனான்.

அன்று பின்னேரம் ஹாஜியார் என்னைக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்திக் கடிதம் ஒன்று சொல்லச் சொல்ல அடிப்பித்தார். ஞானசேகரத்துக்கு. தொழில்நுட்பப் பெண்ணின் பொறுப்பற்ற வேலையால் மீனவர்களின் பட்டியல் தடைப்படவிருந்தது, தன் தவறை அவரே சாட்சிகளின் முன்னிலையில் ஒப்புக்கொண்டார், இப்படிப்பட்டவர்களை வைத்திருக்கும் நிறுவனத்தோடு இனிக் கொடுக்கல்வாங்கல் சாத்தியமில்லை. பிரதி, உதவி அமைப்புக்கு. இராசமலர் கட்டிய பெட்டியில் முதன்முதலாக அடிக்கப்பட்டது அந்தக் கடிதம்தான். எழுத்துப்பிழை இல்லாமல் அடித்தேன்.

மூன்று கிழமை கழித்து ரவுணுக்குப் போன நேரம் அந்த ஒழுங்கைக்குள் நுழைந்தேன். அவளுடைய மேசையில் ஒரு பொடியன் இருந்தான். உதவி அமைப்பிலிருந்து விளக்கம் கேட்டுவிட்டார்கள், நிறுத்த வேண்டிவந்தது என்றார் ஞானசேகரம். வேலைக் கடிதம்? வேலை இல்லாதவளுக்கு என்ன வேலைக் கடிதம் என்றார். பாலையூற்று வீட்டை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். தாய் தகப்பனை வெளியே எடுக்க இருந்தவள், அறையைக் காலிபண்ணித் தானே கிளிவெட்டி முகாமுக்குப் போய்விட்டாள்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர்போலத் தலையை ஆட்டினார். பிறகு ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் என் பக்கம் தள்ளினார்.

"எழுத்தில தாங்கோ தம்பி. நான் அவையளுக்கு அனுப்பி, பிள்ளையைத் திருப்பி எடுக்கிறன்."

பெயரை எழுதினேன். விலாசம் எழுதினேன். இன்ன திகதி, இறங்குதுறையில் என்று எழுதினேன். அதற்குமேல் கை ஓடவில்லை. பேச்சு காற்றோடு போய்விடும், கடதாசி போகாது. இந்தக் கடதாசி யார் யாருடைய மேசைக்குப் போகும்? எந்த முகாமில் வைத்து என்னிடம் வாசித்துக் காட்டுவார்கள்? என் மூன்று பிள்ளைகளை நினைத்தேன். தாளை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன். ஞானசேகரம் என்னைக் கூப்பிடவில்லை. அவருக்கும் அது வசதிதான்.

அவர்மேல் எனக்குக் கோபம். மருமகனுக்காக ஒரு பிள்ளையின் சோற்றில் மண் போட்ட ஹாஜியார்மேல் கோபம். காசளவு பற்றரிக்கு ஒரு சனத்தையே நடுங்கவைத்த துறைமேல், பெயர் ஊர் கேட்டே ஆளை அளந்த அந்தக் காலத்தின்மேல் கோபம். இப்படி ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டு மூன்று வருசம் நன்றாகத்தான் படுத்தெழும்பினேன்.

சண்டை முடிந்து, சோதனைகளும் தளர்ந்த பிறகு, 2010இல் கிளிவெட்டிக்குப் போனேன். தகப்பன் அதற்கு முந்திய வருசமே, முகாமிலேயே இறந்துபோய்விட்டார். தாயும் மகளும் இருந்தார்கள். சந்திக் கடையொன்றின் முன்பக்கத்தில் மேசை போட்டு இராசமலர் கைபேசியும் கொம்பியூட்டரும் திருத்திக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் இருக்கச் சொல்லவில்லை. நான் நின்றபடியே சொன்னேன். அந்த நேரம் பயம், தங்கச்சி, அவன் முன்னால் வாய் வரவில்லை என்றேன்.

"தெரியும். சொல்லியிருந்தா உங்களக் கொண்டுபோயிருப்பாங்கள். அதாலதான் நான் என்ர தலையில போட்டனான். அதுக்காக மன்னிச்சிட்டன் எண்டு நினைச்சுக்கொண்டு வராதேங்கோ."

கையில் இருந்த வேலையை முடித்துவிட்டு, மேசைக்குக் கீழிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தாள். இப்ப எழுத ஏலும்தானே, எழுதுங்கோ என்றாள். யாருக்கு என்று கேட்டேன். எனக்கு என்றாள்.

எழுதினேன். கை ஓடியது. பற்றரியை இறங்குதுறையில் கழற்றியது நான், பயத்தில் செய்தேன், சங்கத்தில் வைத்துக் கேட்டபோது பயத்தில் சொல்லாமல் விட்டேன், இராசமலரின் வேலையில் ஒரு பிழையும் இல்லை. கையெழுத்துப் போட்டு நீட்டினேன். எனக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியதுபோல இருந்தது. அவள் வாசித்தாள். இரண்டாம் தரமும் வாசித்தாள். பிறகு தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தாள்.

"முதலாளி எனக்குக் காட்டின கடிதம், அதை அடிச்சது ஆரெண்டு இதில காணேல்ல. உங்கட சங்கத்தில அடிக்கத் தெரிஞ்ச ஆள் நீங்கள் மட்டும்தான். அது நான் போனாப் பிறகு. அந்த நேவிக்காரன் அப்ப அங்க இருந்தவனே?"

இருக்கவில்லை. ஹாஜியாரும் நானும்தான் இருந்தோம். எனக்குக் கடிதம் அடிக்கத் தெரியாது என்று சொல்லியிருந்தால்கூட அவரால் என்னை ஒன்றும் செய்ய முடிந்திராது. நாளைக்கு அடிக்கிறேன் என்று ஒருநாள் இழுத்திருக்கலாம். அந்த வேலைக்கு எந்தப் பயத்தையும் காரணம் காட்ட என்னால் ஏலவில்லை. கடைக்குச் சாமான் வாங்க வந்தவர்கள் எங்களை விலத்திக்கொண்டு போனார்கள்.

கையெழுத்துக்குக் கீழே எழுதினேன்: அவளுடைய வேலையைப் பறித்த கடிதத்தை அடித்ததும் நான்தான். அப்போது அங்கே கடற்படையாள் இருக்கவில்லை.

அவள் அதை வாசித்து, மடித்து, மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினாள். பிறகு எனக்குப் பின்னால் கைபேசியோடு நின்றவரிடம், உங்கட போனுக்கு என்ன வருத்தம் என்று கேட்டாள்.